தீர்மான நோட்டு யார் வீட்டில் இருக்கிறது?

(பாளையங்கோட்டையில் ஒரு சனிக்கிழமை மாலை பேசியது. கடைசி பஸ் அவசரத்தில் விட்டுப்போன சிலவற்றை எழுதும்போது சேர்த்துக்கொண்டேன்.)

எல்லாருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் இரைகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கொடுத்த தலைப்பு "உள்நாட்டுப் போருக்குப் பின் ஆட்சியில் பெண்களும் இளைஞர்களும்". தலைப்பைக் கேட்டதும் எங்கள் அண்ணன், "திருநெல்வேலிக்காரிக்கு லைபீரியாவில் என்ன சோலி?" என்று சிரித்தான். சோலி இருக்கிறது. ஆனால் அங்கே போவதற்கு முன்னால் எங்கள் சித்தி வீட்டுத் திண்ணைக்குப் போய்விட்டு வரலாம்.

1996-ல் தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று வந்தது இல்லையா, அதில் எங்கள் சித்தி வார்டு மெம்பர் ஆனாள். ஆற்றங்கரை ஊர், பெயர் வேண்டாம். சித்தி பீடி சுற்றுகிறவள். மடியில் சொளவு, அதில் நறுக்கி ஈரத்துணியில் பொதிந்த இலை, ஒரு ஓரமாகத் தூள், விரலில் நூல். மாதத்தில் ஒருநாள் கிளார்க் சைக்கிளில் வருவார், "யக்கா, இதுல ஒரு கையெழுத்து" என்று தீர்மான நோட்டை நீட்டுவார். சித்தி கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் போடுவாள். துடைத்தாலும் தூள் போகாது. அந்த நோட்டில் அவள் கையெழுத்துப் போட்ட பக்கங்களின் ஓரத்தில் எல்லாம் பழுப்பாக ஒரு பெருவிரல் கறை இருக்கும். கூட்டம் எப்போது நடந்தது, யார் வந்தார்கள், எதுவும் தெரியாது. கூட்டமே நடக்கவில்லை என்பதுதான் உண்மை.

ஒருநாள் நான் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன், ஒன்பதாம் வகுப்பு. சித்திக்கு என்ன தோன்றியதோ, கிளார்க் கையிலிருந்து நோட்டை வாங்கி என் மடியில் போட்டாள். "ஏட்டி, என்ன எழுதிருக்குன்னு வாசி." நான் வாசித்தேன். 'மன்றத்தின் பார்வைக்கும் அனுமதிக்கும் வைக்கப்பட்டது, மன்றம் அங்கீகரிக்கிறது' என்று வரிசையாக வந்த தீர்மானங்களுக்கு நடுவே, எங்கள் தெரு வாய்க்காலைத் தூர்வாரிய செலவு என்று ஒரு தொகை இருந்தது. வாய்க்கால் எங்கள் வீட்டு வாசலில்தான் ஓடுகிறது, அதாவது ஓட வேண்டும். சித்தி கிளார்க்கைப் பார்த்தாள், வாய்க்காலைப் பார்த்தாள், மறுபடி பீடி மடக்கத் தொடங்கினாள். கையெழுத்துப் போடவில்லை. மிச்சக் கதையை அப்புறம் சொல்கிறேன்.

போர் முடிந்த எந்த நாட்டைப் பற்றிப் படித்தாலும் எனக்கு அந்த நோட்டு ஞாபகம்தான் வரும். சபையில் எத்தனை பெண்கள், எத்தனை இளைஞர்கள் என்ற எண்ணிக்கையை எல்லாரும் சொல்கிறார்கள். நான் கேட்க நினைப்பது வேறு. நோட்டு அவர்கள் கைக்கு எப்போது வருகிறது, எழுதுவதற்கு முன்பா, எழுதி முடித்த பிறகா?

லைபீரியாவுக்கு வருவோம், மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு சின்ன நாடு. 1989-ல் தொடங்கி, நடுவில் கொஞ்சம் ஓய்ந்து, 2003 வரை இரண்டு போர். சின்னப் பையன்கள் கையில் துப்பாக்கி. அங்கே பெண்கள், கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் சேர்ந்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தலைநகர் மன்ரோவியாவில் மீன் சந்தைக்குப் பக்கத்தில் நாள்கணக்காக உட்கார்ந்தார்கள். வெயில், மழை எதற்கும் எழவில்லை. பேச்சுவார்த்தை கானாவின் அக்ராவில் நடந்தபோது அங்கேயும் போனார்கள். உள்ளே ஆயுதக் குழுத் தலைவர்கள் வாரக்கணக்கில் எந்த அமைச்சகம் யாருக்கு என்று பேரம் பேசிக்கொண்டிருக்க, ஊரில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. 2003 ஜூலையில் ஒருநாள் இந்தப் பெண்கள் மண்டப வாசலில் கைகோத்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒப்பந்தம் இல்லாமல் ஒருத்தரும் வெளியே போகக்கூடாது. காவலர்கள் கைதுசெய்ய வந்தபோது, இந்தப் பெண்களை வழிநடத்திய லேமா குபோவீ தன் உடையைக் களையத் தொடங்கினார். மேற்கு ஆப்பிரிக்காவில் தாய் வயதுப் பெண் அப்படிச் செய்வது பெரிய சாபம். இங்கே உங்களுக்கு அதை விளக்க வேண்டியதே இல்லை. தெரு முனையில் ஒரு ஆச்சி குனிந்து மண்ணை வாரினாலே, "தூத்திராத ஆச்சி, தூத்திராத" என்று பெரிய மீசைகளெல்லாம் பின்னால் நகர்வதைப் பார்த்தவர்கள்தானே நாம். அங்கேயும் நகர்ந்தார்கள். ஆகஸ்ட் 18-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2005 தேர்தலில் எலன் ஜான்சன் சர்லீஃப் வென்று ஆப்பிரிக்காவில் தேர்தலில் தேர்வான முதல் பெண் குடியரசுத் தலைவரானார். 2011-ல் இரண்டு பேருக்கும் நோபல் பரிசு.

இங்கே கைதட்டிவிட்டு எழுந்து போய்விடுவதுதான் வழக்கம். கொஞ்சம் உட்காருங்கள். அந்த ஒப்பந்தத்தில் யார் யாருக்கு என்ன பதவி என்று பங்கு பிரித்தபோது, பங்கு துப்பாக்கி வைத்திருந்தவர்களுக்கும் கட்சிகளுக்கும் போனது. வாசலை மறித்தவர்கள் வாசலில்தான் இருந்தார்கள். ஒரு பெண் பன்னிரண்டு ஆண்டு நாட்டை ஆண்ட பிறகும் அந்த நாடாளுமன்றத்தில் பெண்கள் பத்தில் ஒருவர் என்ற அளவைப் பெரிதாகத் தாண்டவில்லை.

நமக்குப் பக்கத்துக் கடலைத் தாண்டினாலும் இதே கதைதான். 2002-ல் இலங்கைப் பேச்சுவார்த்தை தொடங்கியபோது பெரிய மேசையில் பேசியவர்கள் ஏறக்குறைய முழுக்க ஆண்கள். டிசம்பரில் பெண்களுக்கென்று ஒரு உபகுழு போட்டார்கள், இரு தரப்பிலும் ஐந்து ஐந்து பெண்கள். 2003 மார்ச்சில் அந்தக் குழு கிளிநொச்சியில் கூடியது. ஏப்ரலில் பெரிய மேசையே கவிழ்ந்துவிட்டது. 2009-ல் போர் முடிந்ததும் 2010-ல் அரசு அமைத்த 'கற்றுக்கொண்ட பாடங்கள்' ஆணைக்குழுவில் எட்டுப் பேர். பெண் ஒருவர். அந்த ஆணைக்குழு ஊர் ஊராகப் போனபோது பிள்ளையைக் காணோம், புருஷனைக் காணோம் என்று வந்து நின்றவர்களில் பெரும்பாலோர் யார் என்று சொல்ல வேண்டுமா? 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயில் முன்னால் அந்த அம்மாக்கள் பந்தல் போட்டு உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் எழவில்லை. எந்தச் சபையிலும் கிடைக்காத இடத்தைத் தெருவில் எடுத்துக்கொண்டார்கள்.

போர் முடிந்ததும் முதலில் நடப்பது கணக்கெடுப்பு. போராளி யார், யாருக்கு உதவித்தொகை, யாருக்குத் தொழிற்பயிற்சி. லைபீரியாவுக்குப் பக்கத்து நாடான சியரா லியோனில் போர் முடிந்ததும், துப்பாக்கியை ஒப்படைத்தால்தான் போராளி என்று ஒரு அளவுகோல் வைத்தார்கள். கடத்திக்கொண்டு போகப்பட்டுக் காட்டில் சோறு பொங்கி, மூட்டை சுமந்து, பிள்ளையும் பெற்ற பெண்பிள்ளைகள் கையில் துப்பாக்கி ஏது? வரிசையிலேயே நிற்க முடியவில்லை. நேபாளத்தில் 1996 முதல் 2006 வரை நடந்த போருக்குப் பிறகு ஐ.நா. சரிபார்த்துப் போராளிகள் என்று ஏற்றது 19,602 பேரை, அதில் பெண்கள் 3,846. இன்னொரு 4,008 பேரைத் தள்ளிவிட்டார்கள், பெரும்பாலோர் போர்க்காலத்தில் சிறுவர்களாகச் சேர்க்கப்பட்டவர்கள். பிள்ளைகளைப் படையில் வைத்திருக்கக்கூடாது என்பது நியாயம்தான். ஆனால் அவர்களுக்கு நேபாளியில் கிடைத்த பெயர் என்ன தெரியுமா? 'அயோக்ய'. தகுதி இல்லாதவர் என்று அர்த்தம். நம்ம ஊரில் அந்தச் சொல் எப்படிக் காதில் விழும்! பதின்மூன்று பதினான்கு வயதில் ஒருவன் வந்து கூட்டிப்போனான், இருபது வயதில் இன்னொருவன் வந்து அயோக்ய என்று முத்திரை குத்தி வீட்டுக்கு அனுப்பினான். அந்த முத்திரையோடு ஊர்க் கூட்டத்தில் எழுந்து எப்படிப் பேசுவது?

அதே நேபாளம் ஒரு நல்ல காரியமும் செய்தது, அதையும் சொல்லவேண்டும். 2017 உள்ளாட்சித் தேர்தலில் ஒவ்வொரு வார்டுக் குழுவிலும் ஐந்து பேர், அதில் இரண்டு பெண்கள் கட்டாயம், அந்த இருவரில் ஒருவர் தலித் பெண். ஒரே தேர்தலில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தலித் பெண்கள் உள்ளே வந்தார்கள். எனக்குத் தெரிந்து போருக்குப் பின் வந்த சட்டங்களில் சாதியையும் பெண்ணையும் சேர்த்துப் பார்த்த சட்டம் அதுபோல் அபூர்வம். மேயர், துணை மேயர் இரண்டுக்கும் ஒரு கட்சி ஆள் நிறுத்தினால் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்றும் வைத்தார்கள். கட்சிகள் என்ன செய்தன? மேயர் ஆண், துணை மேயர் பெண். சரி, துணை மேயருக்கும் உள்ளூர் வழக்குகளைத் தீர்க்கும் நீதிக் குழுத் தலைமை உண்டு. வீட்டு அடி, கூலிப் பாக்கி, தண்ணீர்த் தகராறு எல்லாம் அந்தப் பெண்கள் முன்னால் வந்தது. 2022-ல் கட்சிக்காரர்கள் அதற்கும் ஒரு சந்து கண்டுபிடித்தார்கள். கூட்டணி! மேயர் உன் கட்சி, துணை மேயர் என் கட்சி. ஒரு கட்சிக்கு ஒரு ஆள்தான், ஆகவே பெண் கட்டாயமில்லை. துணை மேயர் நாற்காலியிலும் பெண்கள் குறைந்தார்கள். நம்ம ஊர்க் கட்சிக்காரர்கள் இதைக் கேட்டுப் பொறாமைப்படுவார்கள்.

ருவாண்டாவை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். 1994 இனப்படுகொலைக்குப் பிறகு, 2003 அரசியல் சட்டத்தில் முடிவெடுக்கும் அமைப்புகளில் குறைந்தது 30% பெண்கள் என்று எழுதினார்கள். கீழ்ச்சபையின் 80 இடங்களில் 24 பெண்களுக்கு, 2 இளைஞர்களுக்கு. 2008-ல் பெண்கள் பாதியைத் தாண்டினார்கள், உலகில் அதுதான் முதல் முறை. என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய காரியம் 1999-ல் வந்த வாரிசுச் சட்டம். ஆண்கள் செத்தும் ஓடியும் சிறையிலும் இருந்த நாட்டில், நிலத்தில் நிற்பவள் பெண், பட்டா அவள் பெயரில் இல்லை. மகளுக்கும் பங்கு என்று சட்டம் வந்த பிறகுதான் காலுக்குக் கீழே மண் வந்தது. ஆனால் எதிர்த்துப் பேச இடமில்லாத சபையில் அறுபது சதவீதம் பெண்கள் இருந்தாலும், மேலிடத்தில் எழுதிவந்த நோட்டில் கையெழுத்துத்தானே?

இலங்கையில் உள்ளாட்சி மன்றங்களில் பெண்கள் இரண்டு சதவீதம் அளவில்தான் இருந்தார்கள். 25% என்று சட்டம் வந்து, 2018 தேர்தலில் இருபது சதவீதத்தைத் தாண்டினார்கள். ஆனால் வட்டார வேட்பாளர்களில் பத்து சதவீதம் பெண்கள் இருந்தால் போதும், கட்சி பெயர் கொடுக்கும் கூடுதல் பட்டியலில் பாதி பெண்கள் இருக்கட்டும் என்பது ஏற்பாடு. அதனால் பெரும்பாலோர் பட்டியல் வழியாக வந்தவர்கள். தனக்கென்று ஒரு வட்டாரம் இல்லாத உறுப்பினரிடம் தெருவிளக்குக்கு யார் வந்து கேட்பார்கள்? கட்சி மேலிடத்தைப் பார்த்துக் கும்பிட்டால்தான் அடுத்த பட்டியல்.

இளைஞர் விஷயத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் செய்ததே கொஞ்சம். போரிலும் சமாதானத்திலும் பெண்கள் பற்றிய 1325-ஆம் தீர்மானத்தை ஐ.நா. பாதுகாப்பு சபை 2000-ல் போட்டது. இளைஞர்களுக்கான 2250 வருவதற்கு 2015 ஆனது. அதில் இளைஞர் என்றால் 18 முதல் 29 வயது. நம்ம இளைஞரணிகளில் இந்தக் கணக்கைச் சொன்னால் மேடையே காலியாகிவிடும். தெற்கு இலங்கையில் 1971-லும் எண்பதுகளின் முடிவிலும் இளைஞர் கிளர்ச்சி வந்து அடக்கப்பட்ட பிறகு, ஒரு ஆணைக்குழு காரணம் தேடி 1990-ல் அறிக்கை கொடுத்தது. உள்ளாட்சி வேட்பாளர் பட்டியலில் நாற்பது சதவீதம் 35 வயதுக்குட்பட்டவர்கள் என்றும் சட்டம் வந்தது. அத்தனை பிள்ளைகள் செத்த பிறகுதான் பட்டியலில் இடம் போடத் தோன்றியது.

நமக்குப் போர் இல்லை என்று நிம்மதியாக உட்கார வேண்டாம். தொண்ணூறுகளில் இந்தப் பக்கம் சாதிக் கலவரத்தில் எத்தனை ஊர் எரிந்தது என்று இந்த அரங்கில் பாதிப் பேருக்குத் தெரியும். தாழையூத்து இங்கிருந்து எவ்வளவு தூரம்? அந்த ஊராட்சியின் தலைவராக இருந்த கிருஷ்ணவேணியை, பட்டியல் சாதிப் பெண், 2011 ஜூனில் ஆட்டோவில் வரும்போது மறித்து வெட்டினார்கள். உயிர் பிழைத்தது பெரிய விஷயம். பெண்களுக்குக் கழிப்பிடம் கட்டுகிற இடத்தகராறும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. அவர் நோட்டைத் தானே எழுதியவர். இட ஒதுக்கீடு நாற்காலி தரும், நாற்காலியில் உட்கார்ந்தவள் பத்திரமாக வீடு திரும்புவதற்கு வேறு ஏற்பாடு வேண்டும், லைபீரியாவில் ஐ.நா. படை வந்தது, தாழையூத்தில் யார் வந்தார்கள்?

2021 அக்டோபரில் நம்ம பக்கம் நடந்த ஊராட்சித் தேர்தலை மறந்திருக்க மாட்டீர்கள். சிவந்திபட்டியில் தொண்ணூறு வயது ஆச்சி தலைவர். தென்காசிப் பக்கம் வெங்கடாம்பட்டியில் இருபதைத் தாண்டிய எஞ்சினியர் பிள்ளை தலைவர். இரண்டு படத்தையும் எல்லாரும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள், நானும்தான்.

இதே மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. அங்கே பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போய், கல்லூரி முடித்து, நம்மைவிட நல்ல திருநெல்வேலித் தமிழ் பேசுகிற பிள்ளைகளுக்கு ஓட்டு இல்லை. போருக்குப் பிந்திய இளைஞர் என்று ஜெனீவாவில் யாரையோ தேடுகிறோம். மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் நீதிமன்றம் வரை போய்ப் போராடி 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சியில் ஓட்டுப் போட்டார். அது செய்தியாக வந்தது என்பதே நம் நிலைமையைச் சொல்கிறது.

சித்தி கதை பாக்கி இருக்கிறது. கையெழுத்துப் போடாத அடுத்த மாதம் நோட்டு வீட்டுக்கு வரவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. கூட்டத்துக்கு வாருங்கள் என்று தகவலும் இல்லை. "வந்தா தலைவலி, வராட்டி நிம்மதி" என்றார் சித்தப்பா. சித்தி ஒன்றும் சொல்லாமல் சொளவை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள், இலையை ஈரத்துணியில் சுற்றினாள், என்னையும் கூப்பிட்டாள். பஞ்சாயத்து ஆபீஸ் திண்ணையில் போய் உட்கார்ந்து பீடி சுற்ற ஆரம்பித்தாள். உள்ளே இருந்து ஒருத்தர் எட்டிப் பார்த்தார், அப்புறம் இன்னொருத்தர். "சொல்லுங்க யக்கா, என்ன விஷயம்?" "நோட்டு எழுதுகப்போ கூப்பிடுங்க, இருக்கேன்." மத்தியானம் இலை காய்ந்து, கிழிய ஆரம்பித்தது. குழாயில் துணியை நனைத்து மறுபடி சுற்றினாள். நாலு மணி வாக்கில் கிளார்க் பீரோவைத் திறந்தார்.