யோசனை எங்கே பதற்றமாகிறது?

அவையில் உள்ள எல்லோருக்கும் வணக்கம்.

கவலைப்படுகிற ஒருவரிடம் நம் வாயில் சட்டென்று வருவது, "ரொம்ப யோசிக்காதே, விடு" என்பதுதான். அன்போடுதான் சொல்கிறோம். ஆனால் அதைக் கேட்டு யாரும் யோசிப்பதை நிறுத்தி நான் பார்த்ததில்லை. அதிகமாக யோசிப்பவர் தன்னை வதைத்துக்கொள்ள வேண்டும் என்று யோசிப்பதில்லை. பிரச்சினைக்கு ஏதோ செய்துகொண்டிருக்கிறோம் என்று உண்மையாகவே நம்புகிறார். அந்த நம்பிக்கையைத் தொடாமல் 'விடு' என்றால், பொறுப்பைக் கைகழுவச் சொல்வதாகத்தான் அவர் காதில் விழும்.

ஒருவர் இரவு பத்து மணிக்குத் தன் மேலாளருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறார்: "நாளை அரை நாள் விடுப்பு வேண்டும்." இரண்டு நீல டிக் விழுந்துவிட்டது. பதில் இல்லை. அனுப்பியதைத் திரும்ப எடுத்துப் படிக்கிறார். 'வேண்டும்' என்று எழுதியது அதிகாரமாகப் பட்டிருக்குமோ? 'கிடைக்குமா' என்று கேட்டிருக்கலாமோ? போன வாரம் கூட்டத்தில் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லையே, ஏற்கெனவே கோபமோ? பன்னிரண்டு மணிக்கு மனத்துக்குள் வேலை போய்விட்டது. ஒரு மணிக்குக் கடன் தவணை நின்றுவிட்டது. காலையில் "ஓகே" என்று ஒற்றை வார்த்தை வருகிறது.

இதில் யோசனை எங்கே முடிந்தது? அனுப்பு பொத்தானை அழுத்திய இடத்தில். எப்படிக் கேட்பது என்று அதற்கு முன் நினைத்தது தேவையான யோசனை. அதன் பிறகு அவர் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. செய்ய ஒன்றும் இல்லாத இடத்திலும் மனம் ஓடிக்கொண்டே இருந்தால், அதைத்தான் கவலை என்கிறோம்.

உடம்பு இதில் சும்மா இருப்பதில்லை. வேலை போவதாக நினைத்தாலே, ஆபத்தில் உடம்பை உசுப்பும் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, வயிறு பிசைகிறது. அப்புறம் மனம் அந்தப் படபடப்பையே சாட்சியாக எடுத்துக்கொள்கிறது: 'இவ்வளவு படபடக்கிறதே, ஏதோ நடக்கத்தான் போகிறது.' யோசனை பதற்றத்தைக் கிளப்ப, பதற்றம் அடுத்த யோசனைக்குத் தீனி போடுகிறது.

சூசன் நோலன்-ஹோக்ஸ்மா என்ற உளவியலாளர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். 1989 அக்டோபரில் கலிபோர்னியாவில் பெரிய நிலநடுக்கம் வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களிடம், மனம் சோர்ந்தால் என்ன செய்வீர்கள் என்று அவரது குழு கேட்டு வைத்திருந்தது. சோர்வையே திரும்பத் திரும்ப நினைக்கும் வழக்கமுள்ளவர்களிடம், ஏழு வாரங்கள் கழித்தும் மனச்சோர்வின் அறிகுறிகள் அதிகமாக இருந்தன. நடந்ததையே மெல்லும் இந்த வழக்கமும் நடக்கப்போவதை நினைத்துக் கலங்கும் கவலையும் ஒரே குடும்பம்தான்.

சரி, எண்ணத்தை அடக்கிவிடலாமா? 1987-இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் ஓர் ஆய்வில் சிலரிடம் வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள் என்றார். அவர்களால் முடியவில்லை. அது மட்டுமல்ல, பிறகு நினைக்கலாம் என்று அனுமதித்தபோது, முதலிலேயே அனுமதி பெற்றவர்களைவிட அதிகமாக நினைத்தார்கள். அடக்குவது வழியில்லை.

தள்ளிப்போடுவது நடக்கிற காரியம். தாமஸ் போர்கோவெக் என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1983-இல் எழுதிய முறை இது. தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், அரை மணி நேரம் கவலைக்கென்றே ஒதுக்க வேண்டும். மற்ற நேரத்தில் கவலை வந்தால் ஒரு வரி குறித்து வைத்துவிட்டு, "மாலை ஆறு மணிக்குப் பார்க்கிறேன்" என்று கையிலிருக்கும் வேலைக்குத் திரும்ப வேண்டும். படுக்கையும் படுக்கப்போகும் நேரமும் இதற்கு வேண்டாம். கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் எனக்கு மிகவும் பிடித்த முறை இதுதான். மனத்திடம் 'கூடாது' என்று சொல்லாமல் 'இப்போது இல்லை' என்று சொல்கிறோம், மனம் அதை ஏற்றுக்கொள்கிறது. ஆறு மணிக்கு அந்தத் தாளை எடுத்தால், காலையில் மலையாகத் தெரிந்த பாதி வரிகள் சாரமில்லாமல் கிடக்கும்.

மீதி வரிகளில் 'ஏன்' என்று தொடங்குவதையெல்லாம் 'எப்படி', 'எப்போது' என்று மாற்றி எழுதுங்கள். "எனக்கு மட்டும் ஏன் இப்படி" என்ற கேள்விக்கு முடிவே கிடையாது. "நாளை யாரிடம் பேச வேண்டும்" என்பதற்கு ஒரு பெயர் கிடைத்துவிடும். செய்ய எதுவுமே இல்லையென்றால் அதையும் எழுதி வையுங்கள்.

அந்தத் தாள்களை எறியாதீர்கள். 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், தீராத கவலைக் கோளாறு உள்ள 29 பேர் தங்கள் கவலைகளை எழுதி, அவை நடக்கின்றனவா என்று கவனித்து வந்தார்கள். சுமார் 91 சதவீதம் நடக்கவே இல்லை. சிறிய ஆய்வுதான். ஆனால் உங்கள் தாளில் நீங்களே எண்ணிப் பார்க்கும் கணக்கு உங்களுக்குப் போதும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "ஒன்றும் ஆகாது இல்லையா?" என்று பத்தாவது முறை கேட்பவருக்கு "ஒன்றும் ஆகாது" என்று பத்தாவது முறையும் சொன்னால், நிம்மதி சில நிமிடம்தான். பதினோராவது முறையும் கேட்பார். ஏனென்றால் அவர் தேடும் முழு நிச்சயம் உலகில் யாரிடமும் இல்லை. "தெரியாமல் இருப்பது கஷ்டமாகத்தான் இருக்கும், வா, கொஞ்சம் நடந்துவிட்டு வரலாம்" என்று கூட இருங்கள். திட்ட வேண்டாம்.

கவலை ஆறு மாதமாகப் பெரும்பாலான நாட்களில் விடாமல் இருந்து, தூக்கத்தையோ வேலையையோ கெடுத்தால், தாளும் பேனாவும் மட்டும் போதாது. மனநல மருத்துவரிடம் போங்கள். இதற்குப் பேச்சுவழிச் சிகிச்சையும் உண்டு, மருந்தும் உண்டு, இரண்டிலும் பலர் தேறுகிறார்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு வரும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்வார்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் ஆறு மாதமெல்லாம் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள், அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

இனி நீங்கள் கேளுங்கள். மேடையில் எல்லோர் முன்னாலும் கேட்கத் தயக்கமாக இருந்தால், கூட்டம் முடிந்ததும் தனியாக வாருங்கள், நான் இங்கேதான் இருப்பேன்.