கரையின் பல்

பெருமதிப்புக்குரிய விழாத் தலைவர் அவர்களே, கழுத்துச் சங்கிலியோடு முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் நகர மேயர் அம்மையார் அவர்களே, 40 ஆண்டுகளுக்கு முன் நான்கு குழந்தைகளை வைத்துத் தன் வீட்டு முன்னறையில் இந்தத் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கிய எங்கள் மூத்த ஆசிரியை அவர்களே, கோயில் அறங்காவலர் ஐயா அவர்களே, பேருந்துச் செலவு முழுவதையும் தாமே ஏற்றுக்கொண்ட மருத்துவர் அவர்களே, பெற்றோர்களே, தம்பி தங்கையரே, உங்கள் அனைவருக்கும் என் மாலை வணக்கம்.

மேயர் அம்மையாருக்குத் தமிழ் தெரியாது. அவர் அருகில் அமர்ந்து பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒவ்வொரு வரியையும் காதோடு மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பிள்ளைக்காக நான் கொஞ்சம் மெதுவாகவே பேசுகிறேன். அம்மையார் பரிசளிப்பு முடியும் வரை இருப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். இந்த அவையின் சார்பில் அவருக்கு நன்றி. பொன்னாடை போர்த்தியவர்களுக்கும், காலையிலிருந்து சமையற்கூடத்தில் நிற்கும் தாய்மார்களுக்கும் நன்றி.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'நம் கரையில் ஒரு கல்'. மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். அது என்ன கல் என்பது ஒன்று. அந்தக் கல்லால் வடக்கே யார்க்ஷயர் கரையில் ஒரு நகரமே எழுந்த கதை இரண்டாவது. அதே கல் செவ்வாய்க் கோளிலும் கிடைத்திருப்பது மூன்றாவது. எங்கள் ஊரில் ஒரு பழமொழி உண்டு: சிரங்கு பிடித்தவன் கையும் இரும்பு பிடித்தவன் கையும் சும்மா இருக்காது. அதை இன்று இரண்டு மூன்று முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தின் தென்கரையில், போர்ன்மவுத்துக்கும் கிறைஸ்ட்சர்ச்சுக்கும் நடுவே கடலுக்குள் மூக்கை நீட்டி நிற்கிறதே ஹெங்கிஸ்ட்பரி ஹெட், அதை உங்களில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். 36 மீட்டர் உயரக் குன்று. கடல் பக்கம் செங்குத்தாக வெட்டிவிட்டதுபோல் இருக்கும். அடியில் மணல், நடுவில் களி கலந்த மணல், மேலே மறுபடியும் மணல், உச்சியில் சரளை. சுமார் 4 கோடி ஆண்டுகளுக்கு முன், ஈயோசீன் காலத்தில், இங்கே வெதுவெதுப்பான ஆழமில்லாத கடல் இருந்தது. அதன் அடியில் படிந்தவைதான் இவை. விரலால் கிள்ளினால் உதிரும். அந்த உதிரும் மண்ணுக்கு நடுவில் வரிசை வரிசையாக, துருப்பிடித்த பெரிய இட்லிகளைப் பதித்து வைத்ததுபோல் பழுப்புக் கற்கள் தெரியும். இங்குள்ளவர்கள் அவற்றை டாகர் என்கிறார்கள்.

அதுதான் சிடரைட். இரும்புக் கார்பனேட். சுத்தமான சிடரைட்டில் ஏறக்குறையப் பாதி எடை, 48 விழுக்காடு, இரும்பு. டாகரில் மணலும் களியும் கலந்திருப்பதால் அவ்வளவு இராது, ஆனால் தூக்கினால் கை தாழும்.

இது எப்படி உண்டாகிறது? கேழ்வரகுக் கூழ் காய்ச்சும்போது கிண்டாமல் விட்டால் கட்டி தட்டுமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். சேற்றுக்குள் செத்த இலையும் சிப்பியும் புதைகின்றன. அங்கே ஆக்சிஜன் கிடையாது. அந்த இருட்டில் வாழும் நுண்ணுயிர்கள், மண்ணில் துருவாக இருக்கிற இரும்பையே மூச்சுக்காற்றுக்குப் பதிலாகப் பயன்படுத்துகின்றன. அப்போது இரும்பு கரைந்து சேற்று நீரில் கலக்கிறது. அழுகும் பொருளிலிருந்து கார்பனேட் வருகிறது. சேற்றில் கந்தகம் மிச்சமிருந்தால் இரும்பு அதோடு சேர்ந்து பைரைட் ஆகிவிடும். கந்தகம் தீர்ந்துபோன இடத்தில்தான் கார்பனேட்டோடு சேர்ந்து சிடரைட்டாகிறது. ஒரு சிப்பியையோ இலைத் துணுக்கையோ நடுவில் வைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கட்டி தட்டுகிறது. உள்ளே சாம்பல் நிறம். காற்றும் நீரும் பட்ட பின்தான் வெளியே துரு நிறம்.

நம் வீட்டுச் சுண்ணாம்புக்கும் இதற்கும் என்ன உறவு தெரியுமா? பவளக்கல்லும் சிப்பியும் கால்சியம் கார்பனேட். இது இரும்புக் கார்பனேட். அண்ணன் தம்பி. அண்ணன் மேல் எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைப்பான். தம்பி அதற்கெல்லாம் அசைய மாட்டான், சூடான அமிலம் வேண்டும். ஆனால் காளவாயில் போட்டுச் சுட்டால் இருவருமே கரியமில வாயுவை விட்டுவிடுவார்கள். இந்த உறவை மனதில் வையுங்கள்.

இப்போது ஒரு கதை.

இரண்டு கோடைகளுக்கு முன் என் மனைவியின் தம்பி தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தார். அவருக்கு அறுபது வயது. கடற்கரையில் பிறந்து கடற்கரையிலேயே வளர்ந்தவர். லண்டன் பாலம், அரண்மனை எல்லாம் காட்டினேன். எதற்கும் வாய் திறக்கவில்லை. ஹெங்கிஸ்ட்பரிக்குக் கூட்டி வந்தேன், மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கத் தொடங்கிவிட்டார். குன்றின் அடியில் போய் ஒரு டாகரைப் புரட்டினார். பெரிய தேங்காய் அளவு இருக்கும். தூக்கிப் பார்த்தார், வியந்து போனார்.

"அத்தான், இது கல்லா இரும்பா?"

"ரெண்டும்தான் மாப்ள."

"வீட்டு வாசல்ல வைக்கப் போறேன்" என்று துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் மனைவி எடைக் கருவியைக் கொண்டுவந்தாள். பெட்டியில் ஏற்கெனவே பேரப்பிள்ளைகளுக்குச் சாக்லேட், குளிர்ச்சட்டை, தெருவில் உள்ள அத்தனை பேருக்கும் தைலம். கல்லை வைத்ததும் முள் எல்லை தாண்டிவிட்டது. குளிர்ச்சட்டையை எடுத்தார், போதவில்லை. தைலத்தை எடுத்தார், போதவில்லை. சாக்லேட்டில் கை வைக்கப் போனபோது என் மனைவி, "எல, பிள்ளையளுக்கு வாங்குனத எடுத்துட்டுக் கல்லக் கொண்டு போவியா?" என்று போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா வந்து கதவைத் தட்டினார். அவரும் உட்கார்ந்தார், தேநீர் வந்தது, கல் நடு மேசையில் இருந்தது. அந்த அம்மா கல்லைப் பார்த்ததும், "இது ஹாலோவே எடுத்ததில் மிச்சம்" என்றார். யார் ஹாலோவே என்று மைத்துனர் கேட்டார். நான் சொன்னேன்.

ஹாலோவே நிலக்கரி வணிகர். நிலக்கரி கொண்டுவந்த கப்பல் காலியாகத் திரும்புவதைப் பார்த்தார். 1848-இல் இந்தக் குன்றின் அடியில் கிடந்த இரும்புக்கற்களை அதில் ஏற்றத் தொடங்கினார். கற்கள் சவுத் வேல்ஸ் உலைகளுக்குப் போயின. முதலில் கரையில் கிடந்தவை. அவை தீர்ந்ததும் கடலுக்குள் கிடந்தவை. அதுவும் போதாமல் குன்றையே வெட்டினார்கள். இரும்பு பிடித்தவன் கை சும்மா இருக்காது என்றேனே, அது இதைத்தான். ஏறக்குறைய 20 ஆண்டுகள் அந்தக் கை ஓயவில்லை.

அந்தக் கற்கள் அங்கே சும்மா கிடந்தவை அல்ல. அலை மண்ணைத் தின்னும்போது கற்கள் மட்டும் கரையாமல் அடியில் விழுந்து குவிந்து கிடக்கும். அடுத்த அலை மண்ணைத் தொடுவதற்கு முன் அவற்றில் மோதி உடையும். குன்று தனக்குத்தானே கட்டிக்கொண்ட மதில் அது. மதிலை எடுத்த பிறகு கடல் உள்ளே வந்தது. குன்று பின்வாங்கியது. மணல் கிழக்கே அடித்துச் செல்லப்பட்டு, முடிஃபோர்டு மணல்திட்டு ஹைகிளிஃப் பக்கம் வரை நீண்டது. கடைசியில் 1930-களின் இறுதியில் கடலுக்குள் நீளமாக ஒரு தடுப்பு கட்டித்தான் அரிப்பை மட்டுப்படுத்த முடிந்தது. நம் ஊரில் அதைத் தூண்டில் வளைவு என்போம். ஒரு வணிகர் விற்றுத் தின்ற மதிலுக்கு ஈடாக, மூன்று தலைமுறை கழித்து ஊர்ப் பணத்தில் இன்னொரு மதில்.

இதை நான் சொல்லிக்கொண்டே போகிறேன், மைத்துனர் கல்லின் மேலிருந்து கையை எடுத்துவிட்டார். தேநீர் ஆறிப்போயிற்று. ரொம்ப நேரம் கழித்துச் சொன்னார்: "அத்தான், கரையோட பல்லப் புடுங்கியிருக்காங்க. எங்கப்பாவும் அதத்தான செஞ்சாரு."

அவருடைய அப்பா, என் மாமனார், சுண்ணாம்புக் காளவாய் வைத்திருந்தவர். மன்னார் வளைகுடாவில் மண்டபம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகள். அவற்றைச் சுற்றியுள்ள பவளப்பாறையை உடைத்து வள்ளம் வள்ளமாகக் கொண்டுவந்து காளவாயில் சுட்டார்கள். எங்கள் கல்யாண வீட்டுக்கு அடித்த வெள்ளை அந்தச் சுண்ணாம்புதான். அப்போது அது தவறென்று யாருக்கும் தோன்றவில்லை, சோறு போட்ட தொழில். இன்று பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. வான் தீவு மிகவும் சுருங்கிவிட்டது. 2001-இல் பவளங்களைச் சட்டம் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் போன தீவு போனதுதான். மைத்துனர் சிறுவனாக வள்ளத்தில் போய் இறங்கி விளையாடிய மணல் அது.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு என்னை எழுப்பினார். "வாங்க அத்தான், வச்சிட்டு வந்திருவோம்." போனோம். வேறெங்கோ போட மாட்டேன் என்று சொல்லி, எடுத்த இடத்தைத் தேடி, அந்தக் கல்லை அதே குழியில், அதே முகம் மேலே இருக்கும்படி வைத்தார். அப்புறம் கடலில் கால் நனைத்துவிட்டு வந்தார்.

கைதட்டல் அவருக்கு உரியது. இன்று இரவு தொலைபேசியில் சொல்லிவிடுகிறேன்.

யார்க்ஷயர் கதைக்கு வருகிறேன். ஸ்டெய்த்ஸ், ஸ்கின்னிங்ரோவ் பக்கத்துக் கடலோரக் குன்றுகளில் இதே சிடரைட் பட்டை பட்டையாகத் தெரியும், ஆனால் அது ஜுராசிக் காலத்தது, நம்முடையதைவிட மிக மூத்தது. 1850-இல் எஸ்டன் மலையில் ஜான் வான் என்பவர் முதன்மைப் படிவத்தைக் கண்டார். 1801-இல் 25 பேர் இருந்த மிடில்ஸ்பரோ இரும்பு நகரமானது. அங்கேயும் கல்லை உலையில் போடுமுன் காளவாயில் சுட்டார்கள். கடைசிச் சுரங்கம் 1964-இல் மூடப்பட்டது. அங்கும் முதலில் கடற்கரையில் உதிர்ந்து கிடந்த கல்லைத்தான் பொறுக்கினார்கள். கீழே கிடப்பதை எடுப்பதில் என்ன தப்பு என்றுதான் எந்த ஊரிலும் தொடங்குகிறது. அதனால்தான் நான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

செவ்வாயைப் பற்றி விரிவாகச் சொல்ல ஆசை. கியூரியாசிட்டி ஊர்தி கேல் பள்ளத்துப் பாறைகளைத் துளைத்துப் பார்த்ததில் சிடரைட் கிடைத்தது என்று 2025-இல் அறிவித்தார்கள். அதைப் பற்றி அறிவியல் வகுப்பில் கேளுங்கள். தலைவர் மணியைப் பார்க்கிறார். எனக்கு இதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது.

ஒவ்வொரு கோடைச் சுற்றுலாவிலும் நம் பிள்ளைகள் கல் கொண்டுவருகிறார்கள். நானே பார்த்திருக்கிறேன்: சன்னலோரத்தில், மீன் தொட்டியில், துளசி மாடத்தைச் சுற்றி. ஒரு கல்லால் என்ன ஆகும் என்பீர்கள். ஹாலோவேயின் முதல் படகிலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். சிரங்கு பிடித்தவன் கையும் இரும்பு பிடித்தவன் கையும் சும்மா இருக்காது, ஆனால் இன்று நம் கையில் அது இரும்பு கூட இல்லை, வெறும் அழகுக்கு. இந்த நாட்டில் 1949-ஆம் ஆண்டுக் கடற்கரைப் பாதுகாப்புச் சட்டம், கரையிலிருந்து கல்லும் மணலும் எடுப்பதைத் தடுக்கும் அதிகாரத்தை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்திருக்கிறது. மேயர் அம்மையாரிடம் ஒரு வேண்டுகோள்: அந்தக் குன்றின் அடியில், எடுக்காதீர்கள் என்று மட்டும் எழுதாமல், ஏன் எடுக்கக் கூடாது என்றும் எழுதிய பலகை ஒன்று வேண்டும். நம் பள்ளியின் எழுத்துருவில் தமிழிலும் ஒரு வரி எழுதித் தருகிறோம். மொழிபெயர்க்கும் தங்கையே, இதை அவரிடம் இரண்டு முறை சொல்லம்மா.

பெற்றோர்களுக்கு: பார்த்து ரசிக்க, படமெடுக்க, வரைய எந்தத் தடையும் இல்லை. குன்றின் நேரடி அடியில் நிற்காதீர்கள், மண் சரியும். அலை இறங்கும் நேரம் பார்த்துப் போங்கள்.

மண்டப வாசலில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு மூங்கில் கூடை வைத்திருக்கிறேன். வீட்டில் இருக்கும் ஹெங்கிஸ்ட்பரிக் கற்களை வெள்ளிக்கிழமைக்குள் அதில் போடுங்கள். எந்தப் பக்கத்தில் எடுத்தது என்று நினைவிருந்தால் ஒரு தாளில் எழுதிச் சுற்றுங்கள். யார் எடுத்தது என்று எழுத வேண்டாம். ஞாயிறு காலை 9 மணிக்கு மருத்துவர் ஐயா ஏற்பாடு செய்த பேருந்து கோயில் வாசலிலிருந்து புறப்படும். கல் கனமாக இருந்தால் சொல்லுங்கள், வீட்டுக்கு வந்து நானே தூக்கிக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.