அட்டைகள் அடிக்கும் புயல் மணி

[காட்சி: கண்ணாடிப் பேழைக்குள் ராட்டினம் போன்ற ஒரு பொருள். கேமரா மெல்லச் சுற்றி வருகிறது.]

மேலே மணி, சுற்றிலும் 12 பாட்டில்கள். அலங்கார விளக்கு என்று நினைக்கத் தோன்றும். இது புயல் வருவதைச் சொல்வதற்காகச் செய்த கருவி. இயக்க வேண்டியவை அட்டைகள், அதாவது ரத்தம் உறிஞ்சும் அட்டைகள்!

இங்கிலாந்தின் விட்பி என்ற கடலோர ஊரின் அருங்காட்சியகத்தில் இது இருக்கிறது. வடிவமைத்தவர் அவ்வூர் மருத்துவர் ஜார்ஜ் மெரிவெதர். 1851-இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் இதைக் காட்சிக்கு வைத்தார். அந்தக் காலத்து வைத்தியத்தில் ரத்தம் எடுக்க அட்டைகளைப் பரவலாகப் பயன்படுத்தினார்கள். ஆகவே ஒரு மருத்துவருக்கு இந்த யோசனை வந்ததில் வியப்பில்லை.

[காட்சி: ஒரு பாட்டிலின் கழுத்து, மிக அருகில்.]

ஒவ்வொரு பாட்டிலும் ஏறக்குறைய அரை லிட்டர் பிடிக்கும். அடியில் ஒன்றரை அங்குல உயரத்துக்கு மழைநீர், அதில் ஒரே ஓர் அட்டை. கழுத்தில் ஓர் உலோகக் குழாய், குழாய்க்குள் திமிங்கில எலும்பு என்று அழைக்கப்படும் சிறு துண்டு. பெயர்தான் எலும்பு, உண்மையில் அது சில திமிங்கிலங்களின் வாயில் பல்லுக்குப் பதிலாகத் தொங்கும் தகடு. நம் நகம் எதனால் ஆனதோ அதே கெரட்டின். லேசானது, வளையும். அட்டை போன்ற மெல்லிய உயிர் தள்ளினாலே நகர்ந்துவிடும் என்பதுதான் இங்கே முக்கியம்.

அந்தத் துண்டிலிருந்து ஒரு கம்பி மேலே உள்ள சின்னச் சுத்தியலுக்குப் போகிறது. புயல் நெருங்கினால் அட்டை மேலே ஏறும் என்பது மெரிவெதரின் நம்பிக்கை. அப்படி ஏறிக் குழாய்க்குள் நுழைந்தால் துண்டு இடம் மாறும், சுத்தியல் விழும், மணி அடிக்கும். ஓர் அடியை நம்பக் கூடாது; எத்தனை அட்டைகள் ஏறுகின்றனவோ அவ்வளவுக்குப் புயல் உறுதி என்பது மெரிவெதரின் கணக்கு. பாட்டில்களை வட்டமாக வைத்ததற்கு அவர் சொன்ன காரணம் இன்னும் சுவை: அட்டைகள் ஒன்றையொன்று பார்க்கலாமாம், தனிமைச் சிறையாகத் தோன்றாதாம்.

சிக்கல் அட்டையின் இயல்பிலேயே இருக்கிறது. அது தோலால் சுவாசிக்கிறது. தண்ணீர் பழசாகி ஆக்சிஜன் குறைந்தால், வானம் தெளிவாக இருந்தாலும் மேலே ஏறும். வயிறு நிறைந்த அட்டையோ மாதக்கணக்கில் சோம்பிக் கிடக்கும். பசித்த அட்டை அதிர்வுக்கும் நிழலுக்கும் சூட்டுக்கும் கிளர்ந்தெழும்; பார்க்க ஒருவர் குனிந்தாலே போதும். எல்லாம் சரியாக நடந்தாலும் புயல் எந்தத் திசையில், எவ்வளவு தொலைவில் என்று மணி சொல்லாது. காற்றழுத்தத்தை அளக்கும் பாதரச பாரோமீட்டருக்குத் தீனியும் வேண்டாம், தண்ணீர் மாற்றவும் வேண்டாம்; புயலுக்கு முன் அழுத்தம் எவ்வளவு இறங்கியது என்று அளவாகவே காட்டிவிடும்.

[காட்சி: முழுக் கருவி, பேழைக்கு வெளியிலிருந்து.]

மெரிவெதர் செய்த மூலக் கருவி இப்போது இல்லை. நாம் பார்ப்பது 1951-இல் 'பிரிட்டன் விழா' என்ற தேசியக் கண்காட்சிக்காகச் செய்த நகல்.