சட்டைக்குள் ஒரு பொத்தான்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பேசத் தொடங்கும் முன் உங்களுக்கு ஒரு சிறிய வேலை தருகிறேன். பொத்தான் வைத்த சட்டை அணிந்திருப்பவர்கள் அதன் கீழ் விளிம்பை மெல்லப் புரட்டி உட்புறம் பாருங்கள். துவைக்கும் முறை அச்சிட்ட சிறு பட்டை தையலோரத்தில் தொங்கும். அந்தப் பட்டையிலோ, பொத்தான் வரிசையின் அடியிலோ, பெரும்பாலான சட்டைகளில் ஒரு பொத்தான் தனியாகத் தைக்கப்பட்டிருக்கும். கிடைத்ததா? சிலர் இப்போதுதான் முதன்முறையாகப் பார்க்கிறீர்கள் என்பதை முகமே சொல்கிறது.

அந்தப் பொத்தானுக்கென்று காஜா எதுவும் கிடையாது. என்றாவது ஒரு நாள் மேலே உள்ள பொத்தான்களில் ஒன்று அறுந்து விழும், விழுந்தாலும் சட்டையைக் கழித்துவிட மாட்டார்கள், இதை எடுத்துத் தைத்துக்கொள்வார்கள் என்று நினைத்து வைத்தது அது. செய்தவருக்கு அந்தச் சட்டையின் ஆயுள் மீது நம்பிக்கை இருந்திருக்கிறது. உடுத்துகிற நமக்கு இருக்கிறதா? அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

துணியை வீணாக்குகிறோம் என்று யாரிடம் பேச்செடுத்தாலும் ஒரே பதில்தான் வருகிறது: "நான் வீணாக்குவதில்லை, கொடுத்துவிடுகிறேன்." நானும் பல ஆண்டுகள் இதையே சொல்லிவந்தேன், உண்மையாக நம்பித்தான் சொன்னேன். இப்போது எனக்கு வேறுவிதமாகப் படுகிறது. நம்மை மேலும் மேலும் வாங்க வைப்பதில் விளம்பரத்துக்குச் சற்றும் குறையாத பங்கு இந்தச் சமாதானத்துக்கு உண்டு. பிடிக்காவிட்டால் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்ற நினைப்போடு கடைக்குள் நுழைகிறவருக்கு எதை வாங்கவும் தயக்கம் வருவதில்லை.

கொடுத்தது எங்கே போகிறது? கானா நாட்டின் தலைநகர் அக்ராவில் கண்டமாண்டோ என்றொரு சந்தை இருக்கிறது. உலகின் மிகப் பெரிய பழைய துணிச் சந்தைகளில் ஒன்று. பணக்கார நாடுகளில் மக்கள் நல்ல எண்ணத்தோடு சேகரிப்புப் பெட்டியில் போடும் துணிகள் இறுக்கிக் கட்டிய மூட்டைகளாக அங்கே வந்து இறங்குகின்றன. மூட்டையைப் பிரித்துப் பார்த்து வாங்க முடியாது. கடன் வாங்கிக்கூட வியாபாரி அதை எடுக்கிறார். உள்ளே நல்ல துணி இருந்தால் பிழைப்பு. கறையும் கிழிசலுமாக இருந்தால் கடன் மட்டும் மிஞ்சும். விலைபோகாதது குப்பைமேட்டுக்கும், வாய்க்கால் வழியே கடலுக்கும் போகிறது. அந்த ஊர் மொழியில் இந்தத் துணிகளுக்கு 'ஒப்ரோனி வாவு' என்று பெயர். இறந்துபோன வெள்ளைக்காரரின் துணி என்று பொருள். உயிரோடு இருக்கும் ஒருவர் இவ்வளவையும் கழித்துவிட்டிருப்பார் என்று நம்ப முடியாததால் பிறந்த பெயர் என்பார்கள். இந்தப் பெயரைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து என்னால் 'கொடுத்துவிடலாம்' என்று எளிதாகச் சொல்ல முடியவில்லை.

சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்திலும் இதே கதைதான். இக்கிக்கே துறைமுகத்தில் இறங்கும் துணியில் விற்காதது மணலில் மலையாகக் குவிக்கப்பட்டது. இத்தகைய துணிகளில் கலந்திருக்கும் பாலியஸ்டர் பெட்ரோலியத்திலிருந்து செய்யப்படுவது. மண்ணோடு மண்ணாக மக்காது.

தெரிந்த ஒருவர் கேட்டு, அவருக்குப் பொருந்தி, அவர் உடுத்துவார் என்று தெரிந்து கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. அது கொடை. மூட்டை கட்டிக் கண்ணுக்கு மறைவாக அனுப்புவது இடமாற்றம் மட்டுமே.

மறுசுழற்சி செய்துவிடுவார்களே என்று கேட்கலாம். உலகில் உடையாகத் தைக்கப்படும் துணியில் நூற்றில் ஒரு பங்குகூட மீண்டும் உடையாவதில்லை. பருத்தியையும் பாலியஸ்டரையும் கலந்து நூற்றபின் அவற்றைப் பிரிப்பது எளிதல்ல. இழுத்தால் நீளும் துணிகளில் எலாஸ்டேன் வேறு சேர்ந்திருக்கும். தனிப் பருத்தியாகவே இருந்தாலும், அரைத்துப் பிய்க்கும்போது இழை குட்டையாகிவிடும். அதிலிருந்து வரும் நூலுக்கு வலு குறைவு.

ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்குப் பின்னால் செடி வளர்ப்பதிலிருந்து சாயம் ஏற்றுவது வரை சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். மத்திய ஆசியாவில் உள்ள ஏரல் கடல் ஒரு காலத்தில் உலகின் நான்காவது பெரிய ஏரி. 1960களிலிருந்து அதற்கு நீர் கொண்டுவந்த இரண்டு ஆறுகளையும் பெருமளவு பருத்தி வயல்களுக்குத் திருப்பினார்கள். மீன்பிடித் துறைமுகமாக இருந்த முய்னாக்கில் இன்று படகுகள் மணலில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. தண்ணீர் மட்டுமா? 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்தது. முந்தைய நாளே சுவரில் விரிசலைப் பார்த்திருந்தார்கள். கீழ்த்தளத்தில் இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேலே தைத்துக்கொண்டிருந்தவர்கள் மட்டும் மறுநாள் வேலைக்கு வரவழைக்கப்பட்டார்கள். 1,134 பேர் இறந்தார்கள். மலிவு என்று நாம் சொல்லும் விலையில் இவை எதுவும் எழுதப்பட்டிருப்பதில்லை.

இனி என் அலமாரிக்கு வருகிறேன். சென்ற ஆண்டு ஒரு விடுமுறை நாளில் அதை முழுக்கக் காலி செய்து கட்டிலில் குவித்தேன். சட்டைகள் மட்டும் 41. முந்தைய மூன்று மாதங்களில் மாற்றி மாற்றி உடுத்தியவை ஒன்பது. மீதியை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, ஏன் உடுத்தவில்லை என்று யோசித்தேன். இரண்டில் விலைச்சீட்டுகூடப் பிரிக்கப்படவில்லை. இளைத்த பிறகு போடலாம் என்று வாங்கியவை. நீலக்கோடு போட்ட மூன்று ஏறக்குறைய ஒரே மாதிரி; வீட்டில் இருப்பது மறந்துபோய் மீண்டும் மீண்டும் வாங்கியவை. ஒரு வெள்ளைச் சட்டை நல்ல துணி, தோளில் கச்சிதமாக நிற்கும். நடுவில் ஒரு பொத்தான் இல்லை. நான்கு ஆண்டுகளாக அதனால்தான் கிடந்திருக்கிறது. அந்த இடைவெளியில் வேறு வெள்ளைச் சட்டைகள் வாங்கியிருக்கிறேன். விளிம்பைப் புரட்டினேன். உள்ளே உபரிப் பொத்தான் அப்படியே இருந்தது. வெகுநேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீங்களும் ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்து எண்ணிப் பாருங்கள். ஹேங்கர்களின் கொக்கியை எதிர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டி, உடுத்திய துணியை மட்டும் நேராக மாட்டிவந்தால், சில மாதங்களில் எது வெறுமனே தொங்குகிறது என்று தெரிந்துவிடும். ஓராண்டு அப்படியே திரும்பி நிற்கும் கொக்கிகள்தான் நம் கடை அனுபவத்தின் உண்மையான கணக்கு. அடுத்த முறை எதை வாங்கக் கூடாது என்பதை அவையே சொல்லும்.

வாங்கத்தான் வேண்டும் என்றால், கண்ணாடி முன் நிற்பதற்கு முன் துணியை உள்வெளியாகத் திருப்புங்கள். தையலின் இருபுறமும் பிடித்து மெல்ல இழுத்தால் நூல் இடைவெளி காட்டுகிறதா? பிரித்துப் பெரிதாக்கும் அளவுக்கு உள்மடிப்பில் துணி விட்டிருக்கிறார்களா? வெளிச்சத்தில் பிடித்தால் நெசவு சீராக இருக்கிறதா? அணிந்து பார்க்கும்போது நின்று பார்த்தால் மட்டும் போதாது. உட்காருங்கள், கையைத் தூக்குங்கள். வீட்டில் இருக்கும் எதனோடு இதை அணிவீர்கள் என்று உடனே சொல்ல முடியவில்லை என்றால் வைத்துவிட்டு வாருங்கள். ஒரு வாரம் கழித்தும் அது நினைவில் நின்றால் பார்த்துக்கொள்ளலாம். எனக்குப் பெரும்பாலும் மூன்றாம் நாளே மறந்துவிடுகிறது.

இருப்பதை நீடிக்க வைக்கப் பெரிய வித்தை தேவையில்லை. அழுக்கானபோது துவைப்பது, உள்வெளியாகத் திருப்பி நிழலில் உலர்த்துவது, கம்பளியையும் பின்னலாடையையும் தொங்கவிடாமல் மடித்து வைப்பது. அவ்வளவுதான்.

பொத்தான் தைப்பதில் மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். பலர் துணியோடு ஒட்டித் தைத்துவிடுகிறார்கள். மாட்டும்போது இறுகி மீண்டும் அறுந்துவிடுகிறது. பொத்தானின் மேல் ஒரு தீக்குச்சியைக் குறுக்கே வைத்து, அதைச் சுற்றி நூலை ஓட்டுங்கள். குச்சியை உருவிவிட்டுப் பொத்தானை மேலே தூக்கி, அடியில் கிடைக்கும் தளர்ந்த நூலைச் சுற்றி ஐந்தாறு சுற்றுச் சுற்றி, முடிச்சிட்டு அறுங்கள். பொத்தானுக்கு ஒரு சிறு கழுத்து கிடைக்கும். காஜாவுக்குள் சுகமாக உட்காரும்.

மேசையில் ஊசியும் நான்கு நிற நூல்களும் வைத்திருக்கிறேன். பொத்தான் அறுந்த சட்டையோடு வந்திருப்பவர்கள் யாராவது இருந்தால், கூட்டம் முடிந்ததும் முன்னே வாருங்கள். சேர்ந்து தைப்போம்.