ஃபண்டாங்கோவும் பென் டிரைவும்

அவைத் தலைவர் அவர்களே, இந்த வெயிலிலும் பொன்னாடை போர்த்திய செயலாளர் அவர்களே, நடன ஆசிரியைகளே, முன்வரிசைப் பெரியோர்களே, மின்விசிறிக்கு நேரே இடம்பிடித்த சமர்த்தர்களே, வணக்கம்.

ஸ்பெயினின் ஃபண்டாங்கோ பற்றி மூன்று செய்தி சொல்ல வந்தேன்: தாளம், கைக்கட்டை, அந்த ஆட்டம் கடல் கடந்த கதை. அதற்கு முன் ஒரு பழமொழி: ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இன்று இது அடிக்கடி வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாளத்தை மூன்று மூன்றாக எண்ணுங்கள். தென் ஸ்பெயினின் ஊவெல்வா பக்கத்து ஃபண்டாங்கோவில் நான்கு மூன்று, பன்னிரண்டு. பாட்டில் ஓரடிக்கு அந்தப் பன்னிரண்டு எண்ணிக்கைதான் இடம். எழுத்தில் நாலைந்து அடி, அடிக்கு எட்டு அசை. சில அடியை மடக்கிப் பாடி ஆறடியாக்கிவிடுவார்கள். பாட்டில்லாத நேரத்தில் கிடார் ஏ மைனர், ஜி, எஃப், ஈ என்ற சுரக்கூட்டுகளில் படியிறங்கிக்கொண்டே இருக்கும். குரல் எழுந்ததும் சி மேஜருக்குத் தாவும். முதலடி சி-யில் முடியும். அடுத்தடுத்து எஃப், சி, ஜி, மறுபடி சி. ஆறாமடி எஃப்-ஐத் தொட்டு ஈ-யில் விழும். அந்த விழுகையைக் காது பிடித்தால் கால் தானே அடங்கும். பிடிக்காதவள் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றிவிட்டுக் கிடார்காரரை முறைப்பாள். ஆடத் தெரியாதவள்... நீங்களே முடித்துவிட்டீர்கள், நன்றி.

காஸ்டனெட் என்னும் கைக்கட்டையில் மெல்லிய சுரம் உள்ள சோடி வலக்கைக்கு; அதைப் 'பெண்' என்பார்கள். கனத்த சுரம் உள்ள 'ஆண்' இடக்கைக்கு. கயிறு கட்டைவிரலில் இரண்டு சுற்று. வலக்கையில் சுண்டுவிரல் தொடங்கி நான்கு விரலும் வரிசையாக உருட்ட, இடக்கை ஒற்றை அடி போடும். கயிறு தளர்ந்தால் உருட்டல் குழறும். இறுகினாலும் அதே கதி. பழி மட்டும் மரத்தின் மேல்!

ரோமில் நடந்ததாக ஒரு கதை உண்டு. ஆவணம் கேட்காதீர்கள், கதைதான். இந்த ஆட்டம் ஒழுக்கக்கேடு, தடை செய்ய வேண்டும் என்று கார்டினல்கள், அதாவது போப்பாண்டவருக்கு அடுத்த நிலைக் குருமார்கள், கூடினார்களாம். தீர்ப்பு எழுதும் நேரத்தில் ஒருவர் எழுந்தார்: "குற்றவாளியைக் கேட்காமலே தண்டனையா?" சரி, கூப்பிடு என்றார்கள். ஸ்பானிய சோடி ஒன்று வந்தது. கிடார் தொடங்கியது. ஓர் அங்கிக்கடியில் ஒரு கால் தட்டியது. பக்கத்தவர் முறைத்தார், அவர் விரலும் நாற்காலிக் கையில் தட்டிக்கொண்டிருந்தது! பிறகு ஒரு தலை அசைந்தது, ஒரு முதியவர் எழுந்தார், கடைசியில் நீதிபதிகள் அத்தனை பேரும் ஆட்டம். ஃபண்டாங்கோ விடுதலை!

அங்கே கிடார் இருந்தது, ஐயா, பென் டிரைவ் இல்லை. என் வழக்கே அதுதான். நாம் பென் டிரைவில் போட்டு ஆடும் பதிவில், பாட்டுக்கு நடுவே வரும் கிடார் வாசிப்பு என்றும் ஒரே நீளம். பிள்ளைகள் அதை மனப்பாடமாக எண்ணுகிறார்கள். நேரில் கிடார்காரர் ஒரு சுற்றுக் கூட்டினால் கால் தடுமாறுகிறது. உடனே கூடம் கோணல்! 1798-இல் இத்தாலிய இசையமைப்பாளர் பொக்கெரினி, கிடாரோடு ஐவர் சேர்ந்து வாசிக்கும் தம் ஐந்திசை ஒன்றுக்குக் கடைசிப் பகுதியாக ஃபண்டாங்கோவை வைத்தார். 1786-இலேயே மோட்ஸார்ட் 'ஃபிகாரோ' என்னும் இசைநாடகத்தின் மூன்றாம் அங்கத்தில் ஆடவைத்தார். இரண்டுக்கும் மேடையருகே ஆள் உட்கார்ந்து வாசித்தாக வேண்டும்.

கடல் கடந்த கதைக்கு நேரமில்லை. தலைவர் கடிகாரம் பார்க்கிறார். 1732-இன் ஸ்பானிய அகராதி 'இந்தியாக்கள்' என்று அமெரிக்காவைச் சொல்லி, அங்கே இருந்தவர்கள் கொண்டுவந்த ஆட்டம் என்று எழுதியிருக்கிறது. அதோடு விடுகிறேன்.

செயலாளர் அவர்களே, அடுத்த ஆண்டு பொன்னாடை வேண்டாம். அந்தக் காசில் ஒரு கிடார்காரரையும் ஒரு பாடகரையும் அழையுங்கள். ஒத்திகைக்கும் சேர்த்து.