முதல் அரைமணி நேரம்

நடுவர் அவர்களே, பினாங்குத் தமிழ்ப் பெருமக்களே, வணக்கம். யுகுலேலே என்ற நாலு தந்திச் சிறு கிட்டாருக்கு நல்ல ஆசிரியரை எதை வைத்து அறிவது? மேடை வாசிப்பை வைத்து என்கிறது எதிரணி. முதல் வகுப்பை வைத்து என்கிறோம் நாங்கள்.

"சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?" என்று கேட்டார் எதிரணித் தலைவர். ஒப்புக்கொள்கிறேன் ஐயா. ஆனால் அகப்பை வேண்டாமா?

பிள்ளை தடுமாறும் இடம் மிகச் சிறியது. கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு; ஃப்ரெட் என்பது கழுத்தில் குறுக்குக் கம்பிகள் பிரிக்கும் கட்டம். சி கார்டுக்கு ஒரே விரல்: ஏ தந்தியில் மூன்றாம் ஃப்ரெட்டில் மோதிர விரல். அடுத்து ஜி7 கார்டு. பிள்ளை கையை முழுக்க எடுத்துவிட்டு மூன்று விரலையும் புதிதாகத் தேடும். பாட்டு அங்கேயே நின்றுவிடும். மோதிர விரலை எடுக்கவே வேண்டாம். அதே தந்தியில் இரண்டாம் ஃப்ரெட்டுக்கு வழுக்கினால் போதும். சுட்டு விரல் இ தந்தியின் முதல் ஃப்ரெட்டிலும், நடுவிரல் சி தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டிலும் தாமாக வந்து அமரும். பல ஆண்டுகளாக வாசிப்பவரின் கை இதை யோசிக்காமலே செய்துவிடும். அதைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவரைத்தான் நாம் தேட வேண்டும்.

நல்ல ஆசிரியர் முதலில் பிள்ளையின் யுகுலேலேயைக் கையில் வாங்கிப் பார்ப்பார். புது நைலான் தந்தி சில நாள் இழுபட்டுக்கொண்டே இருக்கும். ஏர்கோன் அறையிலிருந்து வெளியே வந்தாலும் சுருதி நகரும். ஜி, சி, இ, ஏ என்று சேர்த்துவிட்டு முதல் ஃப்ரெட்டை அழுத்திக் கேட்பார். மலிவான கருவிகள் பலவற்றில் நட், அதாவது கழுத்தின் நுனியில் தந்திகளைத் தாங்கும் பட்டை, உயரமாக இருக்கும். வெறும் தந்தி சரியாக ஒலிக்கும், முதல் ஃப்ரெட்டில் மட்டும் சுருதி ஏறும், விரலும் வலிக்கும். எஃப் கார்டு பிசிறினால் பழி பிள்ளை மேல் விழுகிறது! நட்டின் பள்ளத்தைச் சற்று அராவினால் தீரும் கோளாறு அது.

தந்தி இரைகிறதா? "இன்னும் அழுத்து" என்பவரிடம் பிள்ளையை விடாதீர்கள். விரலை ஃப்ரெட் கம்பிக்கு ஒட்டி நகர்த்தச் சொல்பவரிடம் விடுங்கள்.

வகுப்பு முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வீட்டில் என்ன பயிற்சி? "தினமும் அரைமணி வாசிக்கட்டும்" என்பார் ஒருவர். "தாளம் தட்டும் மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 60 தட்டு, நாலு தட்டுக்கு ஒரு மீட்டல், மிச்ச மூன்று தட்டில் சி-யிலிருந்து ஜி7, பத்து நிமிடம்" என்பார் இன்னொருவர். இவ்விருவரில் யார் நல்ல ஆசிரியர் என்பதை மேடையைப் பார்த்தே கண்டுபிடிக்கும் வழியை எதிரணியின் அடுத்த பேச்சாளர் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.