ஸ்டெம் செல்லுக்கு அடியில் என்ன இருக்கிறது?

(திரையில்: மைக்ரோஸ்கோப்பில் உருண்டையான செல்கள்)

இவை எலியின் மூளையில், ஹிப்போகேம்பஸ் பகுதியிலிருந்து எடுத்த நரம்பு ஸ்டெம் செல்கள். இன்னும் எந்த வேலையையும் ஏற்காதவை. நியூரானாகலாம், நியூரானுக்குத் துணை நிற்கும் கிளியா செல்லாகவும் ஆகலாம். எதுவாக மாறும் என்பதை ஊட்டக் கரைசலில் கலக்கும் வளர்ச்சிக் காரணிகள்தான் முடிவு செய்யும் என்று வெகுகாலம் நினைத்தோம். செல் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதையும் கேட்டிருக்க வேண்டும்.

ஆய்வகத் தட்டு பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். விறைப்பை அளக்கும் அலகு பாஸ்கல்; இந்தத் தட்டின் விறைப்பு கிகா பாஸ்கல், அதாவது நூறு கோடிக் கணக்கு. மூளையோ நுங்கு மாதிரி குழைவது, சுமார் ஆயிரம் பாஸ்கலுக்குள் அடங்கிவிடும். அங்கே வாழ்ந்த செல்லுக்கு இந்தத் தட்டு கருங்கல் தரை.

(திரையில்: தண்ணீர் நிறைந்த வலை)

அதனால்தான் ஹைட்ரஜெல். பாலிமர் இழைகளாலான வலை, உள்ளே நிறையத் தண்ணீர். சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸும் இந்த வகைதான். இழைகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்குப் பிணைப்புகளைக் கூட்டினால் ஜெல் இறுகும், குறைத்தால் இளகும்.

2008-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 10 முதல் 10,000 பாஸ்கல் வரை ஜெல்கள் செய்து, மேலே இந்தச் செல்களை வளர்த்தார்கள். கரைசல் ஒன்றே, தரை மட்டும் வேறு. 100 முதல் 500 பாஸ்கலில் நியூரான்கள் அதிகம் வந்தன. 1,000-க்கு மேல் கிளியா பக்கம் சாய்ந்தன. சரி, இன்னும் இளக்கினால்? 10 பாஸ்கலில் செல்களால் பரவி ஒட்டவே முடியவில்லை.

செல் தரையைப் பிடித்து இழுத்துப் பார்க்கிறது. தரை விறைப்பாக இருந்தால் உள்ளே யாப் என்ற புரதம் கூடுகிறது; நியூரானாவதற்குத் தேவையான பீட்டா-கேட்டனின் என்ற இன்னொரு புரதத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

என்னை அசத்தியது அப்புறம் தெரிய வந்த விஷயம். வளர்ப்பின் நடுவிலேயே விறைப்பை மாற்றக்கூடிய ஜெல்லைச் செய்து, எந்த நேரத்துத் தரை செல்லைத் திருப்புகிறது என்று பார்த்தார்கள். 12-ஆம் மணியிலிருந்து 36-ஆம் மணி வரை. அந்த ஒரு நாள்தான்!

(திரையில்: ஜெல்லுக்குள் புதைந்த செல்கள்)

இதெல்லாம் ஜெல்லின் மேல் வளர்த்தபோது. உள்ளே புதைத்தால் கணக்கு மாறுகிறது. 2017-இல் ஸ்டான்ஃபோர்டில் அப்படிச் செய்தபோது, செல்கள் ஸ்டெம் செல்லாகவே நீடிக்குமா என்பதை விறைப்பு தீர்மானிக்கவில்லை. சுற்றியுள்ள ஜெல்லை அரித்து வழி உண்டாக்க முடிந்த செல்கள் பக்கத்துச் செல்லைத் தொட்டன. தொட்டவை நீடித்தன.